வால் கறியும் கால் கறியும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஃப்ரீஸரின் கீழ்த்தட்டைக் காலி செய்து வைத்துவிடுவேன். எந்த நாள் சாயங்காலம் வேண்டுமானாலும் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டுவார். கையில் வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள் நான்கைந்து இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் தடித்த பேனாவால் அவர் பெயர், என் பெயர், தேதி, வேட்டை அனுமதிக்கான டேக் எண், கடைசியில் 'வால்' அல்லது 'கால்' என்று எழுதியிருப்பார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அன்றைக்கு அடுப்பில் என்ன ஏறும் என்பதை அதுதான் சொல்லும்.

முதலைக் கறியைப் பற்றித்தான் எழுதுகிறேன். லூசியானா மாநிலத்தில் லாஃபயெட் நகரத்துக்கு நாங்கள் குடிவந்து 11 வருடமாகிறது. என் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. ஆடு, கோழி, கண்மாய் பெருகினால் அயிரையும் கெளுத்தியும், எப்போதாவது காடை. எங்கள் வீட்டில் கறி என்றால் அவ்வளவுதான். முதலையை நான் பார்த்ததே மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோதுதான். அதைச் சமைப்பார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஹூஸ்டனிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் வரும் நண்பர்கள் எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "முதலை எங்கே கிடைக்கும்?" ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். மாவில் புரட்டிப் பொரித்த சின்னச் சின்ன உருண்டைகள் ஒரு கூடையில் வரும். தொட்டுக்கொள்ள ரெமுலாட் சாஸ். போட்டோ எடுப்பார்கள். ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அட, கோழி மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அத்தோடு முடிந்தது. எனக்கு அது மனசுக்குச் சங்கடமாகவே இருக்கும். அவர்கள் ருசித்தது மாவையும் எண்ணெயையும்தான், கறியை இல்லை. ஒரு உயிரைக் கொன்று எடுத்த கறியைத் தைரியத்தைக் காட்டுவதற்காக ஒரு வாய் தின்றுவிட்டுக் கூடையில் பாதியை மிச்சம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இது சோற்றோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிய கறி. இங்கே சதுப்பு நிலத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சாப்பிட்டு வருகிறார்கள்.

எனக்கே அது தெரிய ஒரு வருடம் ஆனது. முதன்முதலில் ஒரு கடையிலிருந்து உறைந்த பாக்கெட் ஒன்றை வாங்கிவந்தேன். பெரிய எழுத்தில் முதலைக் கறி என்று இருந்ததே தவிர எந்தப் பாகம் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. ஆட்டுக்கறி சுக்காவுக்குச் செய்வது போலவே சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு எல்லாம் போட்டு வதக்கி, தண்ணீர் வற்றும்வரை சுருள விட்டேன். வீடு முழுக்கக் கவுச்சி வாடை. குளத்துச் சேறும் மீன் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. கறியை மென்றால் முடிவே இல்லை. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் மீதியைக் குப்பையில் கொட்டும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கறியைக் கொட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

இதைப் பேச்சுவாக்கில் பெரியவரிடம் சொன்னேன். அவர் கேஜன் இனத்தவர், அதாவது இங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் வழிவந்தவர், வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். முதலையை அவர் 'கோகோத்ரி' என்றுதான் சொல்வார். இந்த ஊரில் வாழ்வது அலிகேட்டர், க்ரோகடைல் வேறு ஜாதி என்று ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்வார்கள். அவர் தாத்தா காலத்துப் பிரெஞ்சில் அந்தப் பிரிவு இல்லை. நம் தமிழ் மாதிரியே, எல்லாம் முதலைதான்.

"கொழுப்பை எடுத்தாயா, ஷா?" என்று கேட்டார். 'ஷா' என்பது இங்கே பெரியவர்கள் பாசமாகக் கூப்பிடுகிற சொல், நாம் 'கண்ணு' என்பது போல. "இல்லையே" என்றேன். அடுத்த நாள் அவரே ஒரு பொட்டலத்தோடும் மெல்லிய கத்தியோடும் வந்து எங்கள் வீட்டு சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அன்றைக்குக் கற்றதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கறியில் பாதிச் சமையல் கத்தியில்தான் இருக்கிறது. முதலையின் கவுச்சி கொழுப்பில் இருக்கிறது. ஆட்டுக்கொழுப்பு ருசி, கோழிக்கொழுப்பு ருசி. இது அப்படி இல்லை. வெளிர் மஞ்சளாக, கையில் வழுக்கும். ஒரு நூல் அளவு விட்டாலும் குழம்பு முழுவதையும் கெடுத்துவிடும். ஃப்ரீஸரில் போட்டாலும் சும்மா இருக்காது, இரண்டு மாதத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும். அதனால் உறைய வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கொழுப்புக்கு அடுத்து சவ்வு. தசையின் மேல் வெள்ளி நிறத்தில் இறுக்கமாகப் போர்த்தியிருக்கும். கத்தி முனையைக் கீழே செலுத்தி, சவ்வை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து நகர்த்தினால் நீளமாகக் கழன்று வரும். அவசரப்பட்டால் கறியும் சேர்ந்து போகும். ஒரு கிலோவைச் சுத்தம் செய்ய எனக்கு இன்னமும் முக்கால் மணி நேரம் பிடிக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாகம். வாலுக்குள் நீள நீளமாக உருளை போலத் தசை ஓடும். வெள்ளையாக, ஊடே கொழுப்பில்லாமல் இருக்கும். இதுதான் விலை கூடியது. தாடைப் பக்கத்தில் கன்னத்துச் சதை ஒரு கைப்பிடி அளவு கிடைக்கும். அதைப் பெரியவர் யாருக்கும் தரமாட்டார். கால், உடம்புக் கறி சிவப்பாக, நரம்போடு இருக்கும். உழைக்கிற தசை. நான் முதலில் சுக்கா செய்தது அதைத்தான். ஒன்றரை மணி நேரம் குழம்பில் வேக வேண்டியதை முக்கால் மணி நேரத்தில் வறட்டி எடுத்திருந்தேன். வால் கறிக்கு நேர் எதிர்க் கணக்கு. நாரின் குறுக்கே மெல்லியதாக வெட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் லேசாகத் தட்டி, மோரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். பொரிப்பதாக இருந்தால் மக்காச்சோள மாவில் புரட்டி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிற எண்ணெயில் போட்டு, மேலே மிதந்து வந்ததும் எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்கு மேல் போனால் ரப்பர். ஆனால் உள்ளே பச்சையாகவும் விடக் கூடாது. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும் என்பதால் கறியின் நடுப்பாகம் 74 டிகிரியைத் தொட வேண்டும், வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

எனக்குப் பிடித்தது 'சாஸ் பிகாந்த்'. பெயர் பிரெஞ்சு, ஆனால் நம்மவர்கள் பார்த்த உடனே குழம்பு என்று சொல்லிவிடுவார்கள். இரும்புச் சட்டியில் எண்ணெயும் மைதாவும் சம அளவு போட்டு, கரண்டியை நிறுத்தாமல் கிளற வேண்டும். இதற்கு 'ரூ' என்று பெயர். வேர்க்கடலைத் தோல் நிறம் வரும்வரை அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால்கூடக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதில் வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். கேஜன் சமையலுக்கு இந்த மூன்றும் அஸ்திவாரம். அப்புறம் பூண்டு, தக்காளி, பிரியாணி இலை, காரத்துக்குக் கெயென் மிளகாய்த்தூள். கால் கறியைப் போட்டுச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் விட்டால், எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்போது கறி விரலால் பிரிகிற பதத்துக்கு வந்திருக்கும். வால் கறியாக இருந்தால் கடைசி 20 நிமிடத்தில் போட்டால் போதும். பக்கத்தில் சுடுசோறு. இங்கே இருந்து அரை மணி நேரத் தூரத்தில் க்ரௌலி என்று நெல் விளைகிற ஊர் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் சோறு இல்லாமல் சாப்பாடு இறங்காது. ஊரை விட்டு வந்த ஏக்கம் எனக்குக் குறைந்ததில் அந்தச் சோற்றுக்கும் பங்கு உண்டு.

கரம் மசாலா, மல்லித்தூள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். இப்போது போடுவதில்லை. சுத்தம் செய்த கறிக்கு மறைக்க வேண்டிய வாடை எதுவும் இல்லை, மசாலா அதன் மெல்லிய ருசியை அமுக்கிவிடுகிறது.

என் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது வேறொரு கேள்வி வந்தது. "ஏண்டி, அது அருகிப்போன ஜீவன்னு சொல்வாங்களே, பாவமில்லையா?" நியாயமான கேள்விதான். நம் நாட்டில் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதலையைத் தொடக் கூடாது. வடநெம்மேலி பண்ணை 1976இல் தொடங்கியதே அழிந்துகொண்டிருந்த முதலைகளைக் காப்பாற்றத்தான். லூசியானாவிலும் ஒரு காலத்தில் அதே நிலைமை. தோலுக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில் முதலை ஏறக்குறைய இல்லாமல் போய், 1962இல் மாநிலம் முழுக்க வேட்டையை நிறுத்தினார்கள். 1967இல் மத்திய அரசின் அழியும் உயிரினப் பட்டியலிலும் சேர்ந்தது. பத்து வருடம் மூச்சு வாங்கிய பிறகு, 1972இல் கேமரன் பாரிஷில் (பாரிஷ் என்றால் இங்கே மாவட்டம் மாதிரி) மட்டும் எண்ணி எண்ணி வேட்டைக்கு அனுமதித்தார்கள். 1981இல் மாநிலம் முழுக்க விரிந்தது. 1987இல் அமெரிக்க முதலை மீண்டுவிட்டது என்று அரசே அறிவித்தது. இன்றைக்கு இந்த ஒரு மாநிலத்தின் காட்டு நீரில் மட்டும் சுமார் 20 லட்சம் முதலைகள்.

இது எப்படி நடந்தது என்று பெரியவர்தான் எனக்குப் புரியவைத்தார். இங்கே கடலோரச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். எவ்வளவு ஏக்கர் சதுப்பு, எப்படிப்பட்ட சதுப்பு என்று பார்த்து, நிலக்காரருக்கு இத்தனை டேக் என்று அரசு கொடுக்கும். ஒரு டேக்குக்கு ஒரு முதலை. முட்டைக்கும் விலை உண்டு. கூட்டிலிருந்து முட்டைகளை அனுமதியோடு எடுத்துப் பண்ணையில் பொரித்து வளர்ப்பவர்கள், குட்டிகள் ஓரளவு வளர்ந்ததும் ஒரு பங்கை அதே சதுப்பில் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். ஆக, சதுப்பைத் தூர்க்காமல் வைத்திருந்தால் நிலக்காரர் கைக்கு வருமானம் வருகிறது. லூசியானா 1930களிலிருந்து சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் கரையைக் கடலுக்குப் பறிகொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சதுப்பைக் காப்பாற்ற ஒருவருக்குக் காசுக் காரணம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. சமீப வருடங்களில் காட்டு முதலைத் தோலுக்கு விலை சரிந்துவிட்டது. அதனால் கறிக்காவது மரியாதை இருக்க வேண்டும் என்று நான் இன்னும் அழுத்தமாக நினைக்கிறேன். தோலை மட்டும் உரித்துவிட்டு உடம்பை வீசுவதைவிட மோசமான வேட்டை உண்டா?

ஒரு முறை அவரோடு படகில் போனேன். மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்கு ஆகஸ்ட் கடைசிப் புதனிலும் மேற்குப் பகுதிக்கு செப்டம்பர் முதல் புதனிலும் வேட்டை தொடங்கும். முதல் நாள் தூண்டில் கட்டிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பார்கள். இரவில் வேட்டையாடக் கூடாது. ஒரு கழியை நீரோரத்தில் சாய்த்து நட்டு, அதில் பெரிய கொக்கியோடு கோழிக்காலைத் தொங்கவிட்டிருந்தார். நீர்மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில். ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டேன். "சின்னதுக்கு எட்டாது" என்றார். செப்டம்பரில் வேட்டை வைத்ததற்கும் ஒரு காரணம் சொன்னார். அந்தச் சமயம் தாய் முதலைகள் உள்சதுப்பில் கூட்டை ஒட்டியே இருக்கும், பெரிய கால்வாய்ப் பக்கம் அலைவதில் ஆண்தான் அதிகம். மூன்று கழிகள் அப்படியே இருந்தன. நாலாவதில் கயிறு விறைத்து நீருக்குள் போயிருந்தது. அவர் கையால் மெல்ல இழுத்தார். தலை மேலே வந்ததும் பின்மண்டையில் சின்னத் துப்பாக்கியால் ஒரே ஒரு சூடு. ஏழடி இருக்கும். படகில் ஏற்றியதும் முதல் வேலையாக வால் நுனிப் பக்கம் டேக்கைக் குத்திப் பூட்டினார். அதன் பிறகு கரை வந்து சேரும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தக் கறியில் ஒரு துண்டைக்கூட நான் வீணாக்கியதில்லை.

மற்ற வேட்டைக் கறிகளையும் கேட்பீர்கள். தவளைக்கால் இங்கே சாதாரணம். ரெயின் என்ற ஊர் தன்னைத் தவளைத் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்கிறது. இந்தியாவும் 1987இல் தடை செய்யும்வரை தவளைக்கால் ஏற்றுமதி செய்த நாடுதான். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அணில் குழம்பை ஒரு வீட்டில் சாப்பிட்டேன், கருமையான கிரேவி, நல்ல ருசி, எலும்பு ஜாஸ்தி. காட்டுப்பன்றி கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் கையுறை போடாமல் தொட மாட்டேன். அதன் ரத்தத்தில் புருசெல்லா கிருமி இருக்கலாம். நன்றாக வேகவைக்காமல் வாயில் வைக்கவும் கூடாது. ஒன்றைச் சொல்ல வேண்டும். சுட்ட மானையோ அணிலையோ இந்த நாட்டில் கடையில் விற்க முடியாது, சட்டம் இடம் கொடுக்காது. வேட்டைக்காரர் சாப்பிடலாம், தெரிந்தவருக்குக் கொடுக்கலாம். டேக் போட்ட முதலை அதற்கு விலக்கு.

மனசை உறுத்துவது நியூட்ரியாதான். தென் அமெரிக்காவிலிருந்து ரோமத்துக்காக 1930களில் கொண்டுவந்த பெரிய கொறிக்கும் பிராணி. ஆரஞ்சு நிறப் பல். அது சதுப்புச் செடிகளை வேரோடு தின்பதால் மண் பிடிமானம் இழந்து நிலம் தண்ணீராகிவிடுகிறது. 2002இலிருந்து அரசு ஒரு வாலுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறது. 4 டாலரில் தொடங்கி 2019இல் 6 டாலர் ஆனது. வாலை வெட்டிக்கொண்டு உடம்பைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். 1990களில் பால் ப்ருடோம் போன்ற பேர்பெற்ற சமையல்காரர்களே முன்னின்று சமைத்துக் காட்டியும், எலி மாதிரி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஜனங்கள் தொடவில்லை. பெரியவர் வீட்டில் பின்னங்காலை வெங்காயக் கிரேவியில் செய்திருந்தார்கள். முயல் கறியைப் போல அவ்வளவு சுத்தமான ருசி. முதலையைப் போட்டோவுக்காகத் தின்கிறவர்கள் இதை ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் இந்தக் கரைக்கு அது உண்மையான உபகாரம்.

போன வருடம் ஆகஸ்டில் அம்மா வந்தார்கள். "சமைச்சுக்கோ, நான் தொடமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. இங்கே வேட்டை தொடங்குவது ஆவணிக் கடைசியில், இரண்டு வாரத்தில் புரட்டாசி பிறந்துவிடும். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. கத்தோலிக்கர், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாதவர். ஆனால் முதலை மீன் வகையில் சேரும் என்று 2010இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயரே கடிதம் எழுதியிருக்கிறார், அதனால் வெள்ளிக்கிழமை முதலைக்குத் தடையில்லை என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அது அவங்க சாமி. நம்ம பெருமாள் அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்கல" என்றார்கள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் பொட்டலம் வந்தது. கால். நான் பிரித்து வைத்துவிட்டுப் பலகையை எடுக்கத் திரும்பினேன். அம்மா ஒரு துண்டை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்கள். பிறகு மஞ்சளாக ஒட்டியிருந்ததைக் கிள்ளி அதைத் தனியாக மோந்து பார்த்தார்கள். "இந்தக் கொழுப்புல இருக்குடி வாடை, கறில இல்ல" என்றார்கள். எனக்கு ஒரு வருடமும் ஒரு சட்டிக் கறியும் செலவான பாடம் அது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அரிவாள்மனையை எடுத்துச் சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு கிலோவையும் ஒரு நரம்பு இல்லாமல் சுத்தம் செய்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

கோலா உருண்டை செய்யலாம் என்றது அம்மாதான். கறியைக் கொத்தி அரைத்து, சோம்பு, கசகசா, பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்தார்கள். கொழுப்பை எடுத்துவிட்டதால் கறி வறண்டு போகும் என்று தேங்காய்த் துருவலைக் கூட்டி, பொட்டுக்கடலை மாவைக் குறைத்தார்கள். இங்கே சாசேஜ் செய்கிறவர்கள் அதே காரணத்துக்காகப் பன்றிக்கொழுப்பைச் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். "பின்ன? எங்க போனாலும் அதானே கணக்கு" என்றார்கள். பொரித்து எடுத்ததும் சூட்டோடு ஒன்றைப் பிட்டு, கொஞ்சம் தயங்கி, வாயில் போட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாக மென்றுவிட்டு, "நாட்டுக்கோழிக்கும் விராலுக்கும் நடுவுல இருக்கு" என்றார்கள்.

பத்து உருண்டைகளை டிபன் பாக்ஸில் வைத்துப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். நாலு நாளில் புரட்டாசி பிறந்தது. மீதி இருந்த மூன்று பொட்டலங்களை அம்மாவே சுத்தம் செய்து, தண்ணீர் ஒட்டத் துடைத்து, ஃப்ரீஸர் கீழ்த்தட்டில் அடுக்கினார்கள். ஐப்பசி முதல் தேதி காலையில் நான் எழுந்து வருவதற்குள் அதில் ஒன்று சிங்க் பக்கம் தட்டில் உருகிக்கொண்டிருந்தது.